மாவால் ஒட்டிய மூடி

செலீனை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. யுத்தகாலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அறை வாடகைக்குக் கொடுப்பவர்கள், வருகிற யாரையும் நம்பக்கூடாது. வந்திருப்பவரின் பெயரைப் பொலிஸ் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைப்பது நாங்கள். அவர் பிடிபட்டால் அடுத்த கேள்வி எங்களுக்குத்தான்.

படிவத்தின்படி அவள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், வயது ஐம்பத்திரண்டு. தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர். கணவன் செபஸ்தியன் செத்த பிறகு இஸ்ரேலுக்குப் போய், ஹைஃபாவில் படுக்கையில் கிடந்த ஒரு யூதக் கிழவியை ஒன்பது வருடம் பராமரித்திருக்கிறாள். கிழவி கண்ணை மூடியதும் திரும்பி வந்தாள். அதற்குள் வீட்டைத் தம்பி தன் பெயருக்கு மாற்றிவிட்டான். இவ்வளவும் அவள் சொன்னது. உண்மை யாருக்குத் தெரியும்? முப்பது வருடம் வகுப்பறையில் பொய்க்காரப் பிள்ளைகளைப் பிடித்தவள் நான்.

ஒரேயொரு நிபந்தனை போட்டேன். வெள்ளிக்கிழமை என் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைக்கக்கூடாது.

"ஓம் ரீச்சர், எங்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லைத்தானே" என்றாள்.

ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் அவளுடைய அறையிலிருந்து இறைச்சி வாசம் வந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன், அவள் எதையும் மறைக்கவில்லை. மண்ணெண்ணெய்க் குக்கரின் மேல் ஒரு தகரத் தகடு, அதன் மேல் பெரிய சட்டி. மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைக் குழைத்து ஒட்டியிருந்தாள். திரியை இறக்கிவிட்ட குக்கர் சனிக்கிழமை மத்தியானம் வரை எரிந்தது.

"என்ன அது?" என்று கேட்டேன்.

"சோலன்ற், ரீச்சர். யூதச் சனம் சனிக்கிழமையிலை நெருப்பு மூட்டமாட்டினம். அதாலை முதல் நாளே ஏத்திவிடுறது. அந்த அம்மாவுக்கு ஒன்பது வருசமா நான்தான் வச்சுக் குடுத்தனான். இப்ப அது இல்லாட்டி எனக்குச் சனிக்கிழமை வந்த மாதிரியே இல்லை."

நல்ல கதை. ஆனால் வெள்ளிக்கிழமை இறைச்சி ஏற்றுபவள் எப்படிக் கத்தோலிக்கப் பெண்ணாவாள்? அப்படியென்றால் அறை கேட்டு வந்த அன்று அவள் காட்டிய ஞானஸ்நானச் சான்றிதழ் பொய். அது பொய்யென்றால் பெயரும் பொய். பெயரே பொய்யென்றால், யாரும் திறக்காதபடி ஒட்டிவைத்த சட்டிக்குள் இருப்பது இறைச்சிதானா?

ஒரு சனிக்கிழமை காலை பொலிஸார் படிவம் பார்க்க வந்தார்கள். அவர்கள் கேட்காமலே நான் சிங்களத்தில் சொன்னேன், அந்த அறையில் இருக்கும் சட்டியையும் ஒருக்கால் பாருங்கள் மாத்தயா என்று.

சார்ஜன்ற் திறக்கச் சொன்னார். செலீன் பழக்கத்தில், "மத்தியானத்துக்கு முன்னம் அது திறக்கிறேல்லை, சேர்" என்றாள்.

அதோடு, குண்டுதான் என்று எல்லோரும் முற்றத்துக்குப் பாய்ந்தோம். அவளைத் தனியே உள்ளே விட்டுத் திறக்க வைத்தார்கள். அவள் கத்தியால் மாவைக் கிளப்பி மூடியை எடுத்தாள். அவரைக்கொட்டை, பார்லி, உருளைக்கிழங்கு, கறுக்க வதக்கிய வெங்காயம். வாசம் அந்த வெங்காயத்தினுடையது. சட்டியில் ஒரு துண்டு இறைச்சி இல்லை.

சார்ஜன்ற் சிரித்தார். ஆனாலும் கடவுச்சீட்டில் இருந்த வெளிநாட்டு முத்திரைகளை விசாரிக்க வேண்டுமென்று அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"இறைச்சி போடாமல் வச்சால் அந்த அம்மா ஏசுவா, ரீச்சர். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னதாலைதான் நான் போடேல்லை" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "பிழை என்னிலைதான் செலீன். போயிடாதையும், இஞ்சையே இரும்" என்றேன். இருந்தாள். பொலிஸ் கொண்டுபோன ஆளுக்கு வேறு யார் அறை கொடுப்பார்கள்?

அடுத்த வெள்ளி பின்னேரம் அவள் என் கதவைத் தட்டினாள். "ரீச்சர், மூடி ஒட்டப்போறன். ஒருக்கால் வந்து பாருங்கோ" என்றாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அகப்பையால் அடிவரை கிளறிக் காட்டிவிட்டுத்தான் மாவை எடுத்தாள். யுத்தம் முடியும்வரை ஒரு வெள்ளிகூட அவள் என்னைக் கூப்பிடாமல் விடவில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் போய் அந்தச் சட்டிக்குள் பார்த்தேன்.