பவுடர் பூசிய காய்ச்சல்

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம். பாரிஸ், மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் மேல்வீட்டு சுகந்தி கதவைத் தட்டினாள். "அண்ணை, காரை எடுங்கோ. மகனை ஆஸ்பத்திரி ஊர்ஜான்ஸுக்குக் கொண்டு போகோணும், அவசரம்."

மேலே போனால், இரண்டு வயதுப் பையனை மடியில் வைத்து மருத்துவ மாநாடு! தலைமை, அவளுடைய மச்சாள் — கணவனின் அக்கா. வாட்ஸப்பில் லண்டன், டொரண்டோ, கொழும்புக் கிளைகள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சபை உண்டுதானே?

பல் முளைக்கிறது என்றது லண்டன். நாவூறு என்றது கொழும்பு. மிளகாய் சுற்றிப் போடச் சொன்னது டொரண்டோ.

"காய்ச்சலும் இறங்கீட்டுது. அழாமல் நித்திரை கொள்ளுறான், நல்ல பிள்ளை" என்று தீர்ப்புச் சொன்னார் மச்சாள்.

"எழுப்பினாலும் எழும்புறான் இல்லை, மச்சாள். இவன் வழமை மாதிரி இல்லை."

பெற்றவள் சொன்னதை யார் கேட்டார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிருமித் தொற்று உடம்பையே கவிழ்த்துவிடும் 'செப்சிஸ்' நோயைக் குழந்தைகளிடம் எப்படி அடையாளம் காண்பது? அதற்கு வரையறை எழுதப் பல நாட்டு மருத்துவர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்திருக்கிறார்கள். காய்ச்சலை மட்டும் பார்க்காதே. மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு தடுமாறுகிறதா பார் என்கிறார்கள். பாவம்... எங்கள் வாட்ஸப் குழுவில் சேர்ந்திருந்தால் அரை மணியில் முடித்திருக்கலாம்.

புறப்படும்போது மச்சாள் மறித்தார். "வெள்ளைக்காரற்றை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையை இப்பிடியே கொண்டு போறதே?" முகம் கழுவி, பவுடர் அப்பி, கன்னத்தில் கறுப்புப் பொட்டு. கல்யாண வீட்டுக்குப் போகிற அலங்காரம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் ஈரத் துணியால் அந்த அலங்காரத்தைத் துடைத்தாள். கீழே முகம் சாம்பல் பூத்திருந்தது. நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடத்தில் நிறம் திரும்பத் தாமதமானது. பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

டாக்டர் சுகந்தியிடம் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை வழமை போல இருக்கிறானா?" மாநாட்டில் ஒருவருமே கேட்காத கேள்வி. அவள் உடைந்து அழுதாள்.

செப்சிஸ்தான். நேரத்துக்கு மருந்து ஏறியதால் பிழைத்தான்.

வீடு திரும்பிய அன்று, மச்சாள் பாசத்தோடு பவுடர் டப்பாவும் கையுமாக வந்தார். சுகந்தி அதை வாங்கி என் கையில் தந்தாள்.

"வேண்டாம், மச்சாள். என்ரை பிள்ளையின்ரை நிறம் எனக்குத் தெரியோணும்."

அந்தப் பவுடர் புண்ணியத்தில் எங்கள் வீட்டுக் கரம் போர்டில் இப்போது காய்கள் அருமையாக ஓடுகின்றன.