சமாதானமா, சண்டையா?

ஆராய்ச்சி மாணவி கிளம்பியது ஒரு புதன்கிழமை. மூன்று வருட உழைப்பை ஒரே தோள்பையில் அடக்கிக்கொண்டு, ஆய்வகக் கதவை முதுகால் தள்ளியபடி "வரேன்க்கா" என்றாள். ஆய்வக உதவியாளரான சொட்டக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். இனி அவள் வரமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

சொட்டக்கா என்பது அந்தக் கட்டடம் அவருக்கு வைத்த பெயர். இரண்டு ஊசிக்குழாய்களை எதிரெதிரே நிறுத்தி, திரவச் சொட்டுகளைப் பாயவிட்டு மோதவைப்பது அவர் வேலை. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் அந்த மோதலைக் கேமரா பிடித்துவைக்கும். சில ஜோடிகள் ஒட்டி ஒன்றாகிவிடும். சில ஒட்டியதுபோல் ஒட்டி, இழைபோல் நீண்டு, அறுந்து தனித்தனியாகப் போய்விடும்.

தையல்காரரான அவர் கணவர், சாயங்காலம் மெஷினிலிருந்து தலை நிமிராமலே கேட்பார்: "இன்னிக்கு உன் சொட்டுங்க சமாதானமா, சண்டையா?"

சொட்டக்கா சொல்லக் கேட்ட மாணவிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நோட்டில் 'ச' என்று மட்டும் குறித்துவைத்துவிட்டு, மறுநாள், "அக்கா, இது எந்தச் ச?" என்று முழிப்பாள்.

வம்பு அவள் எடுத்துக்கொண்ட திரவத்தில் வந்தது. தண்ணீர் கலந்த கிளிசரின். காலையில் மோதிய சொட்டுகள் ஒட்டின. மத்தியானம், அதே வேகத்தில், பிரிந்தன. பல மாதம் இதே கூத்து.

"ஒரே திரவம், ஒரே வேகம், ரெண்டு பதில்" என்றார் பேராசிரியர். "சொட்டுக்குச் சாப்பிட்டதும் கோவம் வருதாம்மா? இந்தப் படங்களை நம்பி உன் ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போட முடியாது."

அதற்குப் பிறகுதான் அந்தப் புதன்கிழமை.

வியாழக்கிழமை, கேமராவுக்கு வெளிச்சம் தரும் விளக்கைச் சோதிக்கப் போட்டிருந்த சொட்டக்கா, சாப்பிடப் போகுமுன் பழக்கதோஷத்தில் கிளிசரின் பாட்டிலை விளக்கின் மின்பெட்டிமேல் வைத்தார். எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் பெட்டி. கெட்டியான திரவத்தில் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் லேசில் வெளியேறாது. அது போகட்டும் என்று காத்திருந்தே மாணவி பல நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள். பெட்டிமேல் வைத்தால் அரை மணியில் குமிழி போய்விடும். பெண் பட்டினி கிடக்கவேண்டாமே என்று சொட்டக்கா கண்டுபிடித்த வழி. சொல்லிக்காட்டும் விஷயமா என்று யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பிவந்து பாட்டிலைச் சாய்த்தார். காலையில் ஊர்ந்த திரவம் இப்போது ஓடியது.

அவருக்குச் சுருக்கென்றது. மோதுகிற வேகத்தை உள்ளேயே அடக்கிவைப்பது அந்தப் பிசுபிசுப்புதான். சூட்டில் அது இளகிவிட்டால் அடக்க ஆளில்லை. சொட்டு இழுபட்டு அறுந்துவிடும். ஆக, ஒவ்வொரு மத்தியானமும் அந்தப் பெண்ணின் திரவத்தை மாற்றிவைத்தது இந்தக் கைதான்.

சாயங்காலம் கணவர் வழக்கம்போலக் கேட்டார்.

"சண்டை" என்றார் சொட்டக்கா. "நான் மூட்டுன சண்டை." நடந்ததைச் சொன்னார்.

மெஷின் நின்றது. "வெளிய சொன்னா உன்னை அங்க வச்சிருப்பாங்களா?"

"தெரியல."

"சொல்லாம இருந்தா உனக்குச் சோறு இறங்குமா?"

"இறங்காது. அது தெரியும்."

வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் சொன்னார். திங்கட்கிழமை சொட்டக்காவைக் கீழ்த்தளத்துக் கண்ணாடிச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். மாணவிக்கும் ஒன்றுவிடாமல் எழுதிப் போனில் அனுப்பினார். படித்துவிட்டாள் என்ற குறி விழுந்தது. பதில் இல்லை. மேலே வேறொருவர் ஊசிக்குழாய் கழுவும் சத்தம் கேட்க, சொட்டக்கா குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கணவர் சாயங்காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு காலையில், குடுவையும் கையுமாக நின்றபோது போன் அதிர்ந்தது. மாணவி எழுதியிருந்தாள்:

"அக்கா, உங்கமேல கோவம் இருந்துச்சு, அதான் பதில் போடல. நேத்து பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். சூடு எவ்வளவுன்னு தெரிஞ்சா மத்தியானப் படமும் உதவும். கெட்டியா இருந்தா எப்படி, இளகினா எப்படின்னு ரெண்டும் சேர்ந்து ஒரே பதில் ஆயிடும். அதே பெட்டிமேல, அதே அரை மணி வச்சு அளந்து சொல்வீங்களா? அந்தக் கை வச்சாதான் சரியா வரும்னு பேராசிரியர்கிட்ட சொல்லிட்டேன், உங்களை மேல வரச் சொன்னார். சாயங்காலம் மாமா கேட்டா, சமாதானம்னு சொல்லுங்க."