எனக்குப் பிடிக்காத மேளம்

குளியலறை வாசற்படியில்தான் முதலில் கால் நின்றது. வழுக்கவில்லை, வலிக்கவில்லை. தரையோடு ஒட்டிக்கொண்டது. மருமகள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வடமாலபேட்டையில் நிலத்தைத் தனியாளாகப் பார்த்தவள் நான். அதுவரை யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

திருப்பதி டாக்டர் பார்க்கின்சன் என்றார் (மூளையில் ஒரு சுரப்பு குறைந்து, உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும் நோய்). மாத்திரை கொஞ்சம் தாங்கும், தீர்க்காது என்றார். கூடவே இருக்க ஆள் வைக்கிறேன் என்றான் மகன். கழிப்பறைக்கு நானே போய்வர வழி சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்றேன்.

பிசியோதெரபிக்கு (நடைப் பயிற்சி) அனுப்பினார்கள். அங்கிருந்த பெண், தாளம் கேட்டால் கால் எழும்பும் என்றாள். சினிமாப் பாட்டு வைத்தாள். நான் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். அதனால் வார்த்தையே இல்லாத ஒன்றை வைத்தாள். சிம்பொனியாம் (பெருங்கூட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் மேல்நாட்டு வாத்திய இசை). ஏதோ குளிர் நாட்டில், ஊரைச் சுற்றி எதிரிப் படை நிற்கும்போது, பட்டினி கிடந்தவர்கள் வாசித்ததாம்.

சின்ன மேளம் ஒன்று தூரத்தில் தொடங்கும். விடாது. மேலே மேலே ஆள் சேர்ந்து, வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல முழங்கும். நடுவில் யாரோ இருமுவதும் கேட்கும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"துன்ன சோறில்லாதவன் வாசிச்சதா? அதான் இவ்ளோ கோவமா கீது. நிறுத்தும்மா."

"நீங்களே வந்து நிறுத்துங்க, அவ்வா. ஸ்பீக்கர் அதோ, ஜன்னல்ல."

எழுந்தேன். அவளைத் திட்டிக்கொண்டே போய்ப் பொத்தானை அழுத்தினேன். அறை அடங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று திரும்பினால் கால் எழவில்லை. அவள் கைகொடுக்க வந்தாள்.

"கிட்ட வராதே."

மற்ற நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொத்தானை நானேதான் மறுபடி அழுத்தினேன். மேளம் வந்தது. கால் எழுந்தது. புருஷன் வீட்டில்கூட அப்படி ஒரு அவமானம் நான் பட்டதில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கால் எதற்கு அசைகிறது என்று தேடிப் பாருங்கள். அது உங்களுக்குப் பிடித்ததாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

மகன் அதை என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். மேளம் கேட்டாலே, "அத்தே பொறப்பட்டாங்க, வழி விடுங்க" என்கிறாள் மருமகள். சிரிக்கட்டும்.

இன்றைக்கும் எனக்கு அது பிடிக்கவில்லை. குளியலறை வாசற்படியில் நிற்கும்போது காலோடு பொழுதும் நின்றுவிடுகிறது. அவசரம் எனக்குத்தான், காலுக்கு இல்லை. அது என் பேச்சைக் கேட்காமல், யாரோ பசியில் தட்டியதற்குக் காத்திருக்கிறது. பிறகு அந்தப் பாழாய்ப்போன மேளம் வரும். உள்ளே போய், நானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.