கண்டியிலிருந்து கொட்டகலைக்கு: நெரிசலற்ற பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கோச்சி என்று நாங்கள் சொல்லும் மலையகப் புகையிரதத்தில் முதலாம் வகுப்புக்குச் செலவழிப்பது தகுமா என்று வாசகர் பலர் என்னிடம் வினவியிருந்தனர். அனுபவியாத ஒன்றைப் பற்றி எழுதும் வழக்கம் எனக்கில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள்களை வாசித்தே எழுத்தைக் கற்றவள் நான்; ஒரு கேள்விக்கு விடை சொல்வதாயின் அதை நேரில் பார்த்த பின்பே சொல்வேன். ஆகவே, சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமைக்கு, கண்டியிலிருந்து நானுஓயா வரை ஓர் ஆசனத்தை இரு வாரங்களுக்கு முன்பே பதிவு செய்தேன். கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

புதன்கிழமை மாலை தொலைபேசி வந்தது. கொட்டகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த என் தங்கை சரசுவின் கணவர் காலமாகிவிட்டார். மறுநாள் இராகுகாலம் பிறக்கும் ஒன்றரை மணிக்கு முன் உடலை எடுப்பதென்று முடிவாகியிருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதைக் கோடி என்போம். கோடி போடாமல் உடலை எடுக்க மாட்டார்கள். பிறந்த வீட்டார் சாவு வீட்டுக்குள் ஒருவர் முன், ஒருவர் பின் என்று நுழைவதும் இல்லை. எல்லோரும் சேர்ந்து, கோடியோடுதான் நுழைவார்கள். எங்கள் பெற்றோர் இல்லை. பெரியப்பா மகன் இராமையா அண்ணனும், அவர் மனைவி புஷ்பம் அண்ணியும், உறவினர் அறுவரும், நானும்தான் சரசுவின் பிறந்த வீடு.

வியாழன் காலை 6.15க்கு எங்கள் ஊரான வத்தேகமையில் பேருந்து ஏறி, 7.05க்குக் கண்டியை அடைந்தோம். தரிப்பிடத்திலிருந்து புகையிரத நிலையம் பத்து நிமிட நடை. மற்றவர்களுக்கு மூன்றாம் வகுப்பில் முன்பதிவற்ற சீட்டு. கொட்டகலை வரை ஆளுக்கு இருநூறு ரூபாய். மேடையில் கால் வைக்க இடமில்லை. கோடிச் சேலையும் மஞ்சளும் பூவும் இருந்த பையை அண்ணி மார்போடு அணைத்திருந்தார்.

நான் சீட்டைக் கைவிட்டு அவர்களோடு வருவதாகச் சொன்னேன். அரைமனதோடுதான் சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"காசு குடுத்து எடுத்ததை எதுக்கு விடுற?" என்றார் அண்ணன். "நீ அதுலயே வா."

"ஆமா மீனாச்சி, இந்தப் பையையும் நீயே வச்சுக்க," என்றார் அண்ணி. "இந்தக் கூட்டத்துல நசுங்கி, எவன் காலாவது பட்டுச்சுன்னா அத எப்படிப் போடுறது? சுத்தமா வரட்டும்."

அது நியாயமாகவே பட்டது. பையை வாங்கிக்கொண்டேன்.

புகையிரதம் 8.47க்குப் புறப்பட்டது. முதலாம் வகுப்புப் பெட்டி வண்டியின் ஒரு முனையில். அவர்கள் ஏறியது ஏறத்தாழ மறுமுனையில். பெட்டியின் தன்மையை உள்ளபடி சொல்கிறேன். ஆசனம் அகலமானது, சாயக்கூடியது. குளிரூட்டி உண்டு. கழிப்பறை தூய்மையாக இருந்தது. என் பக்கத்து ஆசனம் பேராதனையிலும் நிரம்பவில்லை, கம்பளையிலும் நிரம்பவில்லை. பையை அதில் வைத்தேன். எதிரே இரு வெளிநாட்டவர் காதில் கருவி மாட்டி உறங்கினர். கண்ணாடிச் சாளரங்கள் திறக்க முடியாதவை. வடைக்காரர் குரல், நிலையத்து மணி, மேடை இரைச்சல் எதுவும் உள்ளே வருவதில்லை.

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் அழுதேன். மைத்துனர் என் கட்டுரைகளைத் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் சரசுவுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். புரியாத சொல் வந்தால் தொலைபேசியில் அழைத்துப் பொருள் கேட்பார். நெரிசலில் நின்றிருந்தால் அந்த அழுகையை அடக்கியிருப்பேன். அந்தப் பெட்டி எனக்குத் தந்த நன்மை அது. அதை மறைப்பது நேர்மையாகாது.

துக்கம் விசாரித்து அழைப்புகள் ஓயாமல் வந்தன. தொலைபேசியின் ஒலியை நிறுத்திக் கைப்பைக்குள் இட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தேன். மனம் கலங்கும்போது வாக்கியம் அமைப்பது என் பழக்கம். சொற்கள் ஒழுங்காக நின்றால் நானும் நிற்பேன். வண்டி அட்டனை 11.15க்கு அடைந்தது எனக்குத் தெரியும். அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதும் தெரியும். அதற்கு முன் ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். சுரங்கப் பாதையின் இருளிலும், விளக்கொளியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில் யாரோ தட்டுவதைப் பார்த்தேன். கேட்டேன் என்று சொல்ல முடியாது, பார்த்தேன். வெளியே கொட்டகலை மேடையில் அண்ணி, வண்டியோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு வாசலை அடைவதற்குள் மேடை முடிந்துவிட்டது. தொலைபேசியில் தவறிய அழைப்புகள் ஏழு. அண்ணனை அழைத்து, தலவாக்கலையில் இறங்கித் திரும்பி வருவதாகச் சொன்னேன்.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே பெரிய நீர்வீழ்ச்சி ஒன்று தெரியும். அதற்காகவே இந்தப் பாதையில் வருவோர் உண்டு. நான் வாசலில் நின்றபடி பையைப் பிடித்திருந்தேன். வெளிநாட்டவர் எழுந்து படம் எடுத்தனர். அதைப் பற்றி என்னால் எதுவும் எழுத இயலாது.

தலவாக்கலையில் 11.50க்கு இறங்கினேன். நிலையத்துக்கு வெளியே ஒரு முச்சக்கர வண்டி கிடைத்தது. ஓட்டுநர் பையிலிருந்த பூவைப் பார்த்தார்.

"கோடியா, அக்கா?"

"ஆமாம். ஒன்றரைக்குள்ள எடுக்கணும். கொட்டகலையில இறங்க விட்டுட்டேன்."

"ஏறுங்க. ஆயிரத்தி ஐந்நூறு ஆகும், தோட்டத்து ரோடு படு மோசம்." வண்டியைத் திருப்பிய பின் கேட்டார். "எந்தப் பெட்டியில வந்தீங்க?"

சொன்னேன்.

"அதான பாத்தேன். மூணாம் வகுப்புல வந்திருந்தா கொட்டகலை கொட்டகலைன்னு கத்தியே ஒங்கள வெளிய தள்ளியிருப்பாங்க. அங்க தூங்கக்கூட விட மாட்டானுக."

பதினான்கு கிலோமீற்றர். பிரதான வீதியில் ஒரு பாரவண்டியின் பின் பதினைந்து நிமிடம் ஊர்ந்தோம். எத்தனையோ மனுக்களை மற்றவர்களுக்குப் பிழையின்றி எழுதிக் கொடுத்த எனக்கு, சரசுவிடம் என்ன சொல்வதென்று ஒரு வாக்கியமும் அமையவில்லை.

தோட்டத்து முதல் வளைவில், கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அருகே எட்டுப் பேரும் வெயிலில் நின்றிருந்தனர். ஒருவரும் உள்ளே போகவில்லை. கோடி இல்லாமல் போக முடியாது. அங்கே நின்றால் வீட்டில் பறை அடிப்பது கேட்டது. ஒரு மணி நேரம் அதைக் கேட்டபடி நின்றிருக்கிறார்கள்.

மணி 12.55. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணி பையை வாங்கி, பூ வாடியிருக்கிறதா என்று பார்த்தார்.

"அண்ணி, நான் எழுதிக்கிட்டு..."

"இப்ப அது எதுக்கு? மொகத்தக் கழுவு. நட."

சேர்ந்து நுழைந்தோம். மைத்துனரின் மூத்த சகோதரர் வாசலில் நின்றிருந்தார். "பொறந்த வீட்டு ஆளுகளுக்கு இப்பத்தான் விடிஞ்சிச்சாக்கும்," என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை.

"கோச்சி லேட்டுங்க மச்சான்," என்றார் அண்ணன்.

"ரொம்ப லேட்டு. அட்டன்லயே நிறுத்திப் போட்டுட்டான்," என்றார் அண்ணி. பின்னால் நின்ற ஆறு பேரும் தலையசைத்தனர். அவர்கள் இதை முன்பே பேசி வைத்திருக்கவில்லை. அதே பெட்டியில் இரண்டரை மணி நேரம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து வந்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. நானும் அவர்களோடு உள்ளே நடந்தேன்.

கோடி போட்டோம். சரசு என் கையைப் பற்றிக்கொண்டு, "நீங்க வராம எடுத்துருவாங்களோன்னு பயந்துட்டேன்க்கா," என்றாள். 1.20க்கு உடலை எடுத்தார்கள்.

மறுநாள் திரும்புகையில் மூன்றாம் வகுப்பில் வந்தேன். நாவலப்பிட்டி வரை நின்றேன். ஒரு குழந்தை என் கால்மேல் வாந்தி எடுத்தது. அண்ணி தன் இடத்தில் பாதியை எனக்குத் தந்தார். அதில் அமர்ந்ததால் இருவருக்குமே இடுப்பு நொந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காட்சி காணவும் ஓய்வெடுக்கவும் செல்வோர் கூடுதல் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். இரு வாரம் முன்பே பதிவு செய்க. முதியோருக்கும் நோயாளிக்கும் அது மிக உகந்தது. காற்று முகத்தில் பட வேண்டுமென்று விரும்புவோருக்கு இரண்டாம் வகுப்பு முன்பதிவே மேல். அதன் சாளரங்கள் திறக்கும். இடையில் சிறு நிலையத்தில் இறங்குவோர் முந்தைய நிலையம் தாண்டியதுமே பொதியோடு வாசலுக்குச் செல்க. குளிரூட்டிய பெட்டியில் உங்களை ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். கூட்டமாய்ச் சென்று சேர வேண்டிய இடத்துக்குக் கூட்டத்தோடு செல்க. மரியாதைக்குரிய பொருளை ஏந்திச் செல்பவர் அதைச் சுத்தமான பெட்டியில் வைப்பதைவிட, தன் மனிதர் நடுவே வைப்பது நன்று. கசங்கினால் கசங்கட்டும்.

அன்று நான் எழுதிய வாக்கியம் குறிப்பேட்டில் பாதியிலேயே நிற்கிறது: 'இத்தகைய அமைதிக்கு எவ்வளவு கொடுத்தாலும்'. அதை முடிக்கப் போவதில்லை.

இக்கட்டுரையை வெளியிட ஓராண்டு தயங்கினேன். மைத்துனர் வாசித்துக் காட்டிய காலம் போய், இப்போது சரசு எழுத்துக்கூட்டித் தானே வாசிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஆகவே அவளுக்குப் புரியும்படி எளிதாக எழுதுகிறேன். சரசு, அன்றைக்குக் கோச்சி லேட் இல்லை. நேரத்துக்கே வந்தது.