ஆரணியில் ஒரு பகல், மேடையில் எட்டு நிமிடம்

மருத்துவ மாணவர்களுக்கான சர்வதேச அறிவியல் மாநாடு ஒன்று போன ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம் சென்னையில் நடந்தது. நான்கு நாள் மாநாடு. மூன்றாம் நாள் வெளிநாட்டு மாணவர்களை மாமல்லபுரம் அழைத்துப் போக ஏசி பஸ் ஏற்பாடாகியிருந்தது. நாங்கள் மூன்று பேர் அதில் ஏறவில்லை. ஆரணிக்குப் போனோம். இந்த மாதிரி மாநாட்டுக்கு வருகிறவர்கள், நடுவில் ஒரு நாள் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சி, படிப்பது சென்னையில். தேவகி என் வகுப்புத் தோழி, விடுதியில் ஒரே அறை. அவளுடைய ஊர் ஆரணி, வீட்டில் பட்டு நெசவு. மூன்றாவது ஆள் காத்மாண்டுவிலிருந்து வந்திருந்த சரிதா. எங்களைப் போலவே மூன்றாம் ஆண்டு.

மாநாட்டில் தேவகியும் நானும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வாசிக்க இருந்தோம். கைத்தறி நெசவாளர்களுக்குக் கை, கழுத்து, இடுப்பு வலி எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பொருள். முந்தைய விடுமுறையில் தேவகி தன் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு வந்தாள். கணக்குப் போட்டதும் படம் வரைந்ததும் நான். 'எதிர்பார்த்ததைவிட வலி குறைவு' என்று முடிவு வந்தது. எங்களுக்கே ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தையே தலைப்பாக வைத்தோம். நேரடியாகப் பேசுவதற்குத் தேர்வானது. நான்காம் நாள் காலை பத்து இருபதுக்கு, எட்டு நிமிடம்.

இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில் சரிதா எங்கள் கட்டுரைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு வந்தாள். காத்மாண்டுவில் கம்பளம் நெய்கிறவர்களை அவளுக்குத் தெரியும். "அவங்களுக்கு வலி ரொம்ப இருக்கே. உங்க ஊர்ல மட்டும் எப்படிக் குறைவு? ஒரு தறியைப் பார்க்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சந்தேகத்தில் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டாள். அடுத்த நாள் கிளம்பிவிட்டோம். சொன்னால் வெட்கம், அதுவரை நானும் ஆரணியைப் பார்த்ததில்லை.

காலை ஐந்து நாற்பத்தைந்துக்குப் பூந்தமல்லியில் பஸ் ஏறினோம். காஞ்சிபுரம், செய்யாறு வழி. சுமார் நூற்று இருபது கிலோமீட்டர். நாங்கள் போனபோது ஆளுக்கு நூற்றுப் பத்து ரூபாய். நடத்துநர் படியில் நின்றுகொண்டு, "ஆரணி, ஆரணி, ஜல்தி ஏறுங்க, வண்டி எடுத்துகினு இருக்குது" என்றார். சரிதாவுக்கு இந்தி தெரியும். 'ஜல்தி'யைக் கேட்டதும், நடத்துநர் தன்னிடம் இந்தியில் பேசிவிட்டதாக நினைத்து, அவரிடம் இந்தியில் நீளமாகப் பதில் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "எல்லாம் சரி, சில்லறையா குடும்மா" என்றார்.

காஞ்சிபுரத்தில் பதினைந்து நிமிடம் நின்றது. நான்கு இட்லி நாற்பது ரூபாய், சாம்பார் சுமார். செய்யாறு அருகே தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரம். கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக வந்ததில் இருபது நிமிடம் போயிற்று. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் அறுவடைக்கு நிற்கும் நெல். ஜன்னலோர இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்பது இருபதுக்கு ஆரணி பேருந்து நிலையம். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ அறுபது ரூபாய். தெருப் பெயரை எழுத வேண்டாம் என்று தேவகி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் ஆட்டோ நின்றுவிட்டது. தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் இழைகளைச் சீராக்கும் வேலை. குறுக்கே குச்சிகள் கொடுத்து, ஆறேழு பேர் இரண்டு பக்கமும் நின்று, அறுந்த இழைகளைத் தேடித்தேடி முடிந்துகொண்டிருந்தார்கள். அரக்கு நிறம். காலை வெயிலில் அது துணி மாதிரியே இல்லை, தெருவில் தண்ணீர் ஓடுவது போல இருந்தது. ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றை அவர்கள் கண்டுபிடிக்கும் வேகத்தை நான் எந்த ஆய்வகத்திலும் பார்த்ததில்லை. முடிச்சுப் போடுவது ஒரு நொடிகூட ஆகவில்லை. சரிதா மூன்று முறை பக்கத்தில் போய்ப் பார்த்தாள். மூன்று முறையும் முடிச்சு அவள் கண்ணில் படவில்லை.

தேவகியின் அண்ணன் சங்கருக்கு முப்பது வயது இருக்கும். முன்னறையிலேயே தறி. குழியில் கால் வைத்து உட்கார்ந்து, மேலே தொங்கும் கயிற்றை இழுக்க, குறுக்கு இழை சுற்றிய நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறக்கிறது. கால் மிதிக்கிறது, கை இழுக்கிறது, இன்னொரு கை பலகையை அடிக்கிறது. மூன்றும் ஒரே தாளத்தில். முந்தானைப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது, ஜரிகையில் அன்னங்கள். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றோம்.

சரிதாதான் முதலில் கவனித்தாள். சங்கர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வலது கையை எடுத்து உதறிக்கொண்டார். பிறகு கயிற்றை இடது கைக்கு மாற்றினார். தாளம் சற்றுத் தடுமாறி மறுபடி சேர்ந்தது. சரிதா என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாக, "அவர்கிட்ட கை மரத்துப் போகுதான்னு கேளு" என்றாள். தேவகி உள்ளே அண்ணி ராணியோடு காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டேன். சங்கர் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ராத்திரில எழுப்பி உட்டுடுதும்மா. கட்டைவிரல்லேர்ந்து நடுவிரல் வரைக்கும் எறும்பு ஊர்ற மாதிரி. ஒரு வருஷமா இருக்குது. தேவகிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

சரிதா இரண்டு மணிக்கட்டையும் மடக்கி, புறங்கைகளை ஒட்டி வைத்துக் காட்டி, சங்கரையும் அப்படிச் செய்யச் சொன்னாள். ஒரு நிமிடம் வைக்க வேண்டும். அரை நிமிடத்துக்கு முன்பே சங்கர் மரத்துப்போன கையை எடுத்துவிட்டார். கட்டைவிரல் அடியில் இருக்கும் சதைமேடு வலது கையில் கொஞ்சம் வற்றியிருந்தது. மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளங்கள். நாங்கள் மூவருமே பாடத்தில் படித்தவைதான்.

நிமிர்ந்தால் தேவகி காபித் தட்டோடு நிற்கிறாள்.

"நான் கேட்டப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னியே அண்ணா. நானே என் கையால டிக் அடிச்சேன்."

சங்கர் தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ அங்க படிச்சிகினு இருக்கற. கை மரத்துப்போச்சு, தூக்கம் இல்லன்னு உங்கிட்ட சொல்லிகினு இருந்தா நீ எப்படிப் பரீட்ச எழுதுவ?"

ராணி உள்ளேயிருந்து வந்தார். "நான் அன்னைக்கே சொல்லுங்கன்னேன். டம்ளர் கைலேர்ந்து நழுவி நழுவி விழுது. இவரு கேக்கல."

அதற்குள் பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா, வெளிநாட்டுப் பெண் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்துவிட்டார். என்ன பேச்சு என்று கேட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார். "அவரு மட்டுமா? நாங்க எல்லாருந்தான். நம்ம பொண்ணு காகிதம் வெச்சிகினு கேக்குது, வலி கிலின்னு சொன்னா அதுக்கு மார்க் கொறஞ்சுடும்னு, நல்லா இருக்கறோம்னு சொல்லிட்டோம்."

தேவகி தட்டைக் கீழே வைத்தாள். நான் வரைந்த வண்ணப் படங்கள் எல்லாம் அந்தத் தெரு தன் பெண்ணுக்குக் கொடுத்த பரிசு. மறுநாள் காலை பத்து இருபதுக்கு அதைத்தான் முப்பது நாட்டு மாணவர்கள் முன்னால் உண்மை என்று வைக்கப் போகிறோம்.

கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும் போட்டார்கள். தேவகி சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிட்டு எழுந்ததும், "சரிதா, நீ கேளு. இவ தமிழ்ல சொல்லட்டும். நான் வரமாட்டேன்" என்றாள். இரண்டு மணி முதல் நாலரை வரை சரிதாவும் நானும், சம்மதித்தவர்களின் வீடுகளுக்கு மட்டும் போனோம். அதே கேள்விகள். தெரியாத முகத்திடம் மக்கள் தாராளமாகப் பேசினார்கள். முட்டி, தோள், கண் எரிச்சல், வேலைக்கு நடுவே எழுந்து நடக்கும் தந்திரங்கள், யார் யாரிடம் தைலம் வாங்குகிறார்கள் என்பது வரை. ஒரு வீட்டில்கூடப் பழைய பதில் அப்படியே வரவில்லை. அந்த நேரமெல்லாம் தேவகி அண்ணனின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று ராணி பிறகு சொன்னார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினோம். வழிகாட்டிப் பேராசிரியருக்கு போன் செய்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "விலகிக்கறதுன்னாலும் தப்பில்ல. பேசறதுன்னா முழுசாப் பேசுங்க" என்றார். காஞ்சிபுரம் தாண்டியதும் தேவகி என் மடியிலிருந்த லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, "முதல்ல அந்தத் தலைப்ப எடு" என்றாள். பூந்தமல்லி வருவதற்குள் ஒவ்வொரு படத்தின் மேலும் சிவப்பில் ஒரு வரி சேர்த்திருந்தோம்: 'இது வலியின் அளவு அல்ல, எங்களிடம் சொல்லப்பட்டதன் அளவு.'

மறுநாள் மேடையில் பேசியது தேவகி. படங்களை மாற்றியது நான். முதல் மூன்று நிமிடம் பழைய முடிவு. நான்காவது நிமிடத்தில், "இது தவறு. எனக்கு நேற்றுதான் தெரிந்தது" என்றாள். கேட்டவர் யார் என்பது பதிலை எப்படி மாற்றுகிறது என்று விளக்கினாள். அரங்கில் ஒரு மாணவர் எழுந்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "என் அண்ணன் என்னிடம் பொய் சொல்லியிருந்தார்" என்றாள். சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். "என் படிப்பு கெடக்கூடாது என்பதற்காக" என்று முடித்தாள்.

பரிசு எங்களுக்கு இல்லை. முழுமையாகாத ஆய்வு, கொடுக்க முடியாதுதான். ஆனால் வெளியே வந்தபோது தேவகியைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம். இலங்கையிலிருந்து வந்த ஒரு மாணவி, தேயிலைத் தோட்டத்தில் தன் சொந்த அத்தைகளிடமே கேள்வித்தாள் நிரப்பியதாகச் சொல்லி, மறுபடி போய்க் கேட்கப்போவதாகச் சொன்னாள். நான்கு நாளில் அந்த அரங்கில் எத்தனையோ அருமையான பேச்சுகள் கேட்டேன். என் தோழியின் பேச்சை மதித்த அளவுக்கு வேறு எதையும் மதித்ததில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஆரணிக்கு விடியற்காலையிலேயே கிளம்புங்கள். தெருவில் பட்டு இழுத்துக் கட்டுவதை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். ரயிலில் வருவதென்றால், 'ஆரணி ரோடு' என்ற நிலையம் இருப்பது அரிசி ஆலைகள் நிறைந்த களம்பூரில். அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். தறி ஓடும் வீட்டுக்குள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, அனுமதி கேட்ட பிறகே போட்டோ எடுங்கள். நாடா ஓடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். நூல் தீர்ந்து அவர்களே நிறுத்துவார்கள், அப்போது பேசலாம். மூன்று பேருக்கு, போக வர, சாப்பாடு உட்பட ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மதியச் சாப்பாடு ராணி அண்ணி போட்டது என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம். ஆய்வுக்காகப் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: உங்கள் மேல் பிரியம் உள்ளவர்களிடம் நீங்களே கேட்காதீர்கள்.

சங்கரை அடுத்த வாரமே வேலூரில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நரம்புப் பரிசோதனை செய்தார்கள். அழுத்தம் இருக்கிறது, அறுவைச் சிகிச்சை இப்போதைக்குத் தேவையில்லை என்றார்கள். இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை, ஓர் ஊசி, தறிக் கயிற்றின் உயரத்தில் சிறு மாற்றம். நடு இரவில் எழுந்துகொள்வது குறைந்திருக்கிறது என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தேவகிக்கு போன் செய்கிறார். கை, இடுப்பு, நெஞ்செரிச்சல், புதுச் செருப்பு கடித்தது என்று ஒன்று விடாமல் சொல்கிறார். விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்து, நடுவில் ஒரு வார்த்தை பேசாமல், அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள்.