வழி கேட்ட பெல்

நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா நான் கதை விடுற ரகம் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். கண்ணாடிக் கடையில வேலை எனக்கு. வர்றவங்களை உட்கார வெச்சு, இந்த வரி தெரியுதா, அந்த வரி தெரியுதான்னு கேட்டுக் கேட்டே முப்பத்தாறு வயசாயிடுச்சு. தெரியாத எழுத்தைத் தெரியுதுன்னு சாதிக்கிறவங்களைத் தினமும் பார்க்கிறவ நான். என்னை அவ்வளவு சுலபமா ஏமாத்த முடியாது. அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்துச்சு. போன மழைக்காலத்துக்கு முன்னாடி, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்.

எனக்கு மலைப்பாதையில சைக்கிள் ஓட்டுற கிறுக்கு உண்டு. டாக்டர் நடக்கச் சொன்னார், நான் சைக்கிளை எடுத்துட்டேன். பழக்கிவிட்டது என் கொழுந்தன். பேங்க்ல கேஷியர். பகல் பூரா கூண்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறதாலயோ என்னவோ, சைக்கிள்ல ஏறிட்டா ஆளைப் பிடிக்க முடியாது. எங்க சைக்கிள் குழுவுல அவனுக்கு ராக்கெட்டுன்னே பேரு. என் வீட்டுக்காரருக்கு இது எதுவும் பிடிக்காது. "நல்ல ரோடு இருக்கும்போது கல்லு மேல போய் இடுப்பை ஒடிச்சுக்கிறாங்க, அண்ணியும் கொழுந்தனும்"னு முணுமுணுப்பார்.

ஊருக்குப் பின்னாடி ஒரு மலை. தண்ணித் தொட்டி பக்கத்துல ஆரம்பிக்கிற ஒத்தையடிப் பாதை, மேல ஏறி, காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு இறங்கி, அந்தப் பக்கம் வனக்காவலர் கேட்ல முடியும். அதுதான் எங்க வழக்கமான ரூட்டு.

அந்த மாசம் குழுவுல வேற பேச்சே இல்ல. அந்தப் பாதையில ரெண்டு பேரை விழத்தாட்டி சைக்கிளைப் பிடுங்கிட்டாங்க. எப்படின்னா, ரெண்டு மரத்துக்கு நடுவுல நெஞ்சு உயரத்துக்கு மெல்லிசா நைலான் கயிறு. வெளிச்சம் மங்கிட்டா கண்ணுக்கே தெரியாது. இறக்கத்துல வேகமா வர்றவன் அதுல மோதி விழுவான். எழுந்திரிக்கிறதுக்குள்ள ரெண்டு பேர் கத்தியோட வந்து நிப்பாங்க. சைக்கிள், போன், எல்லாம் போச்சு. ஒருத்தருக்குத் தோள்பட்டை எலும்பு ரெண்டாயிடுச்சு.

இதுல நம்ம மேலயும் தப்பு இருக்கு. எங்க போனோம், எத்தனை மணிக்குப் போனோம், தனியா போனோமா கூட்டமா போனோமான்னு அப்பப்போ போன்ல மேப் போட்டு ஊருக்கே காட்டுறோம். திருடனுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரிதானே? அதனால குழுவுல முடிவாச்சு. தனியா யாரும் போகக் கூடாது. இருட்டுறதுக்குள்ள கேட்டைத் தாண்டிடணும்.

அன்னைக்கு எனக்கு லேட்டாயிடுச்சு. கடை மூடுற நேரத்துல ஒரு அம்மா வந்து, இருக்கிற பிரேமை எல்லாம் மூக்குல மாட்டிப் பார்த்துட்டு, "வீட்ல கேட்டுட்டு வர்றேன்"னு போயிட்டாங்க. வயித்தெரிச்சல். வேற நாள் போலாம்னா கொழுந்தன் கேக்கல. கிளம்பும்போது மாமியார் வாசல் வரைக்கும் வந்தாங்க.

"சேர்ந்து போறீங்க, சேர்ந்து வரணும். ஒருத்தர் மட்டும் வந்து என் முன்னாடி நிக்காதீங்க"ன்னாங்க. அவன் கடைக்குட்டி. அவனைப் பார்த்துச் சொல்லல, என்னைப் பார்த்துத்தான் சொன்னாங்க.

உச்சிக்குப் போய்ச் சேரும்போதே வெயில் போயிடுச்சு.

"தம்பி, இன்னைக்கு ராக்கெட் வேலை எல்லாம் வேணாம். என் கூடவே வா."

"சரி அண்ணி."

சரின்னா சரி... மூணாவது வளைவுல ஆளைக் காணோம்.

திட்டிக்கிட்டே இறங்கினேன். இங்க ஒரு பழக்கத்தைச் சொல்லணும். ஒத்தையடிப் பாதையில எதிர்ல யாராவது வந்தா, பின்னால எத்தனை பேர் வர்றாங்கன்னு விரலால காட்டுவோம். ஒரு விரல்னா இன்னும் ஒருத்தர். மூடின கைன்னா நான்தான் கடைசி. அவங்க அதுக்குத் தகுந்த மாதிரி ஒதுங்கி நிப்பாங்க.

ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு மேல வந்தார். ஒதுங்கினார். நான் மூடின கையைக் காட்டிட்டுத் தாண்டினேன். கொஞ்சம் தள்ளித் திரும்பிப் பார்த்தா, அவர் அப்படியே ஓரமா நிக்கிறார். பாதைக்கு வரவே இல்ல. மேல பார்த்துக்கிட்டு நிக்கிறார்.

களைச்சுப் போயிருப்பார்னு நினைச்சேன்.

அடுத்து ஒரு வயசான ஜோடி, நாயோட நடந்து வந்தாங்க. அவங்களுக்கும் கையை மூடிக் காட்டினேன். அந்த அம்மா பாதையில கால் வெச்சாங்க. அவங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சு இழுத்தார்.

"இரும்மா. அவரும் போயிடட்டும்."

எவரு?

பின்னால திரும்பினேன். யாரும் இல்ல. ஆனா அந்த நாய்... வாலை உள்ள இழுத்துக்கிட்டு உறுமுது. என்னைப் பார்த்து இல்ல. எனக்குப் பின்னால பார்த்து.

அப்ப எனக்குப் பேய் நினைப்பு எல்லாம் வரலைங்க. திருடன்னுதான் நினைச்சேன். எவனோ என் பின்னாடியே வர்றான். வளைவுல மறைஞ்சு மறைஞ்சு வர்றான். பேயை விட அதுதான் எனக்குப் பயம்.

பெடலை நிறுத்திக் காதைக் கொடுத்தேன்.

டிக்... டிக்... டிக்... டிக்...

மிதிக்காம உருளும்போது சைக்கிள் ஃப்ரீவீல் போடுற சத்தம். என்னோடது இல்ல. என்னோடது இன்னும் மெல்லிசா கேக்கும். இது பழசு, கரகரப்பு.

பிரேக் போட்டு நின்னேன்.

அதுவும் நின்னுடுச்சு.

போனை எடுத்தேன். மணி ஆறு நாப்பது. சிக்னல் இல்ல. "தம்பி!"ன்னு கத்தப் போய், வாயை மூடிக்கிட்டேன். கத்தினா நான் தனியா இருக்கேன்னு பின்னால வர்றவனுக்குத் தெரிஞ்சு போயிடுமே. ஹேண்டில் லைட்டைப் போட்டுக்கிட்டு மறுபடி உருட்டினேன்.

டிக்... டிக்... டிக்...

கீழ 'இடுக்கு'ன்னு ஒரு இடம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் புதர் மூடின ஓடைப் பள்ளம். நடுவுல ஒரு சைக்கிள்தான் போகும். அங்க நெருங்கும்போதே நாத்தம் குடலைப் பிடுங்குச்சு. நாயோ நரியோ செத்துக் கிடக்கும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்பதான்...

ட்ரிங்.

என் முதுகுக்குப் பின்னால. ரொம்பப் பக்கத்துல.

எங்க ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பின்னால பெல் கேட்டா, யோசிக்கவே மாட்டோம். ஓரம் கட்டி, ஒரு காலை ஊனி, வழி விட்டுடுவோம். யாரு எவருன்னு எல்லாம் பார்க்க மாட்டோம். உயிர் போற பயத்துலயும் என் கை பிரேக்கைப் பிடிச்சுடுச்சு, கால் தானா தரையில ஊனிடுச்சு. திருடன் பெல் அடிச்சுக்கிட்டா வருவான்னு ஒரு அசட்டுத் தைரியம் வேற.

பாறையோட ஒட்டி நின்னேன்.

டிக்டிக்டிக்டிக்...

என்னை உரசிக்கிட்டுப் போச்சு. முழங்கையில காத்து பட்டுச்சு. டயர் நசுக்கின சின்னக் கல்லு ஒண்ணு துள்ளி என் கணுக்கால்ல விழுந்துச்சு.

லைட் நேரா பாதை மேல இருந்துச்சு.

யாருமே இல்ல.

சத்தம் மட்டும் முன்னால போகுது... வேகமா போகுது...

டொய்ங்ங்...

தடால்!

இரும்பு விழுந்து உருளுற சத்தம். அப்புறம் ஒரு தொண்டையில இருந்து... கத்தல் இல்ல. கொர்ருன்னு ஒரு சத்தம்.

ஐயோ, என் கொழுந்தன்!

அவன்தான் அடிபட்டுக் கிடக்கான்னு நினைச்சு சைக்கிளைப் போட்டுட்டு ஓடினேன். "அவன் இல்லாம எந்த முகத்தோட வீட்டுக்குப் போவேன்"னு மனசு அடிச்சுக்குது. பத்தடி ஓடியிருப்பேன். என் நெஞ்சுக்கு நேரா, பின்னால கிடந்த என் சைக்கிள் லைட்டுல மினுமினுன்னு ஒரு கோடு.

கயிறு.

இன்னும் அதிர்ந்துக்கிட்டு இருந்துச்சு.

கீழ யாரும் விழுந்து கிடக்கல. சைக்கிளும் இல்ல.

புதர் சலசலன்னுச்சு. சட்டுன்னு பள்ளத்துப் பக்கம் சரிஞ்சு படுத்துக்கிட்டேன். ரெண்டு பேர். ஒருத்தன் கையில டார்ச். இன்னொருத்தன் கையில என்னன்னு பார்க்கத் தேவையில்ல.

"விழுந்த சத்தம் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சே."

"ஆளு எங்கடா?"

டார்ச் சுத்துச்சு.

"அதோ சைக்கிள். லைட் எரியுது."

"அப்ப ஆளும் இங்கதான் இருக்கும். தேடு."

வெளிச்சம் புதர் மேல வந்துச்சு. என் ஷூ மேல வந்துச்சு. வாயைப் பொத்திக்கிட்டேன். நாத்தம்... எனக்குக் கீழ இருந்து வருது. கையை எட்டினா தொட்டுடலாம், அவ்வளவு பக்கம்.

கிளையை விலக்கினான்.

ட்ரிங்.

எனக்குக் கீழ இருந்து.

அவன் அப்படியே நின்னுட்டான்.

"பெல்லா அது?"

ட்ரிங்... ட்ரிங்.

"டேய்... அது அவன் பெல்லுடா."

"அவன்தான் அன்னைக்கே செத்..."

ட்ரிங். ட்ரிங். ட்ரிங். ட்ரிங்.

டார்ச்சைப் போட்டுட்டு ஓடினாங்க. புதரைக் கிழிச்சுக்கிட்டு ஓடின சத்தம் ரொம்ப தூரத்துக்குக் கேட்டுச்சு.

பெல்லும் நின்னுடுச்சு.

நான் கீழ பார்க்கல. சத்தியமா பார்க்கல. எப்படி எழுந்தேன், எப்படிச் சைக்கிளை எடுத்தேன், கயித்துக்குக் கீழ குனிஞ்சது எப்படி, எதுவும் ஞாபகம் இல்ல. கேட்ல வந்துதான் நின்னேன்.

கொழுந்தன் அங்க காவலர் ஸ்டூல்ல உட்கார்ந்து கால் ஆட்டிக்கிட்டு இருந்தான். ஒரு கீறல் இல்ல. அவன் வரும்போது கயிறே இல்லையாம். முன்னால போறவனை விட்டுட்டு, கடைசியா தனியா வர்ற ஆளுக்குத்தான் கட்டுவாங்களாம், அது பிறகு தெரிஞ்சுது. அவன் முதுகுல ஓங்கி ஒண்ணு வெச்சேன். அப்புறம் அவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விக்கி விக்கி அழுதேன்.

அன்னைக்கே போலீஸ் போய்ப் பார்த்துச்சு. கயிறு இருந்துச்சு, டார்ச் இருந்துச்சு. பள்ளத்துல, நான் படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழ, ஒரு ஆளோட உடம்பு இருந்துச்சு.

அச்சகம் வெச்சிருந்தவராம். ரெண்டு வாரமா காணோம்னு வீட்ல தேடிக்கிட்டு இருந்திருக்காங்க. போன் கடைசியா பஸ் ஸ்டாண்டு பக்கம் சிக்னல் காட்டினதால, போலீஸ் பூரா அந்தப் பக்கமே தேடியிருக்கு. போனைத் திருடினவங்க அங்க கொண்டு போய் வீசியிருக்காங்க. மலையில தேடணும்னு யாருக்கும் தோணல.

அந்த ரெண்டு பேரும் இன்னும் சிக்கல. ஆனா இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுத வீட்டுக்கு வந்தப்ப, டாக்டர் சொன்னதைச் சொன்னார். கயிறு கழுத்துல வெட்டினதுல அவருக்குக் குரல் போயிடுச்சு. பள்ளத்துல உருட்டி விட்டதுல ரெண்டு காலும் உடைஞ்சிருக்கு. ஆனா அவர் உடனே சாகல. சனிக்கிழமை சாயங்காலம் விழுந்தவர், திங்கட்கிழமை வரைக்கும் உயிரோட இருந்திருக்கார். கத்த முடியல, ஏற முடியல. விழும்போது ஹேண்டில்ல இருந்து பிய்ஞ்சு வந்த பெல் மட்டும் கையில இருந்திருக்கு. கட்டை விரல்ல தோலே இல்லையாம்.

நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை. அந்தப் பாதையில சைக்கிள் கூட்டம் அலைமோதுற நாள். எத்தனை பேர் அவர் தலைக்கு மேல போயிருப்பாங்க!

"யாருக்கும் பெல் சத்தம் கேக்கலையா சார்?"ன்னு கேட்டேன்.

"கேட்டிருக்கும்மா. இதுவரைக்கும் ஏழு பேர் கேட்டேன்னு சொல்லியிருக்காங்க. எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க" என்றார். அந்தப் பதில் என்னன்னு அவர் சொல்லாமலே எனக்குப் புரிஞ்சுடுச்சு.

அவரை அனுப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். கொழுந்தன் சோபாவுல முகத்தைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா தம்பி?"

"எட்டுப் பேர், அண்ணி."

"என்ன?"

"ஞாயித்துக்கிழமை இடுக்குல எனக்கும் பெல் கேட்டுச்சு. ஓரம் கட்டி நின்னேன். 'போங்க சார்'னு கூடச் சொன்னேன். விடாம அடிச்சாங்க. ரொம்ப நேரம் நின்னு பார்த்தேன் அண்ணி... யாரும் போகல."