இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு குரல்

காக்களூரில் நான் வேலை செய்யும் நிறுவனத்தில் கைப்பேசியைக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். ஜெபராஜ் அண்ணன் காலை ஏழு மணிக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபோதுதான். முதல் ஷிப்டுக்குச் சட்டையை மாட்டும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவரை நைனா என்றே கூப்பிடும் எங்கள் டிரம்மர் முனி அனுப்பிய செய்தி முதலில் இருந்தது: "நைனா போய்ட்டாரு. நீ வா." அதற்குக் கீழே வரிசையாக மெழுகுவத்திப் படங்கள். அனுப்பியவர்களில் பாதிப் பேர், ஆறு வருடமாக அவர் அழைத்தால் எடுக்காதவர்கள். நான் டிபன் பாக்ஸைத் திறக்காமலே பையில் வைத்துவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தேன்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்காக ரோலிங் மில் தோழர்கள் அச்சிடும் இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பதினெட்டு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இரும்புக் கம்பி இழுத்தவர். 'இரும்புத்தூள்' என்ற ராக் குழுவின் பாடகர். குழுவில் மொத்தம் மூன்று பேர். அவர் கிட்டார் வாசித்துப் பாடுவார், முனி டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார். பாடல்கள் மொத்தம் ஒன்பது. எதுவும் மூன்று நிமிடத்தைத் தாண்டாது.

அவர் பாட ஆரம்பித்தது சர்ச் பாடகர் குழுவில். இன்னும் உருக்கமாகப் பாடு, கண்ணீர் வரவேண்டும் என்று குழுத் தலைவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். "கர்த்தருக்குக் காது நல்லா கேக்கும் ஐயா, அழுது காட்டணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தவர் அப்புறம் அந்த மேடையில் ஏறவில்லை. அதன்பின் பல வருடம் பாடவே இல்லை. மில்லில் உடன் வேலை பார்த்த மிசோரம்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் மெமரி கார்டை இவரிடம் விட்டுப் போனார். அதில் எண்பதுகளின் ஆங்கில 'நியூ வேவ்', அதாவது புதிய அலைப் பாடல்கள் நூற்றுக்கும் மேல் இருந்தன. வறண்ட குரல்கள், கத்தி போன்ற கிட்டார், கடகடவென்று ஓடும் தாளம். வார்த்தை ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. "பாரும்மா, இவுங்க யாரும் அழுவல. இன்னா நடந்துச்சுன்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருக்காங்க. நம்மாளுக்கு ஒரு கஷ்டம்னா ஒப்பாரி வெச்சு ஊரக் கூட்டிடுறான்" என்று என்னிடம் சொன்னார். புதிய அலை இசை பற்றி நான் பிறகு தேடித் தேடிப் படித்தேன். இதைவிடச் சரியான விளக்கம் எங்கும் கிடைக்கவில்லை.

நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சிப் பணியாளர். கல்லூரி நாட்களில் வாங்கிய கிட்டார் ஒன்று வீட்டில் உறையோடு கிடந்தது. முனி சொல்லித்தான் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பேஸ் கிட்டாருக்கு நான்கு கம்பிதான், எனக்குப் பழக்கமில்லை என்று தயங்கினேன். "ஆறு கம்பி வாசிக்கிறவளுக்கு ரெண்டு கம்பி லீவுனு நெனச்சுக்கோ" என்றார். நான் அதிகம் பேசாதவள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. பேசாதவர்களை அவர் நம்பினார். அது அவர் செய்த பிழை.

நாங்கள் ஒத்திகை பார்த்தது சிப்காட்டின் பின்பக்கச் சாலையில் கைவிடப்பட்ட ஓர் எடைமேடை அறையில். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அங்கேதான். சுவரை ஒட்டிப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. அதன் ரீங்காரம் அறைக்குள் ஒரே சீராக நிறைந்திருக்கும். கதவைச் சாத்தினாலும் குறையாது. முதல் வாரம் எனக்குத் தலைவலி. அண்ணன் என்ன செய்தார் என்றால், கிட்டாரைச் சுவரோரம் கொண்டுபோய், அந்த ரீங்காரத்தோடு ஒரு கம்பியைச் சேர்த்து முறுக்கினார். இரண்டும் ஒன்றாகும்வரை முறுக்கி, மற்றக் கம்பிகளை அதற்கேற்ப வைத்தார். "அதான் நம்ம சுருதிப் பெட்டி. கரண்ட் பில்லு நம்ம கட்ட வேணாம்" என்றார். அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கம். மின்சாரம் நின்றால் ஒத்திகையும் நிற்கும். "சுருதி போச்சு, டீ குடிச்சிட்டு வரலாம்" என்பார். நாளாக ஆக அந்த ரீங்காரம் அவர் தலைக்குள் ஏறிவிட்டது. எங்கே நின்றாலும், எதையும் கேட்காமல், அதே ஒலியைத் தொண்டையில் எடுத்து, கம்பிகளை அதற்கே முறுக்குவார்.

ஆயுத பூஜையன்று மில் வளாகத்தில் லாரியின் பின்தட்டில் நின்று பாடினோம். சினிமாப் பாட்டுப் போடு என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். "அது ரேடியோல வரும் சார், இது இங்கதான் வரும்" என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டையைப் பற்றித் தான் எழுதிய பாட்டை எடுத்தார். 'கேட்டாண்ட காட்டிக் காட்டி என் மூஞ்சி தேஞ்சி போச்சு' என்று அது தொடங்கும். முகத்தில் எதையும் காட்டாமல், ஆஜர்ப் பட்டியல் வாசிப்பது போலப் பாடினார். முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர், "இன்னொரு தபா, ஜெபா" என்றார். நான்கு முறை பாடினோம். நான்காவது முறை அவர்களே தங்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் இருப்பீர்கள்.

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை இறக்கிச் சோதித்துப் பார்த்தேன். அதன் முள் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. எங்கள் கம்பிகள் எல்லாமே கீபோர்டின் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே, எதிலும் சேராத இடத்தில் இருந்தன. டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் எந்த ஸ்வரத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. அதனோடு ஒத்துப்போன நாங்களும் அப்படியே. மூவரும் ஒரே இடத்தில் இருந்ததால் எங்களுக்குள் ஒரு குறையும் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்தும் இருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. நாலாவதாக ஒருவர் வந்து சேராதவரை சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தேன்.

நாலாவது ஆள் ஆறு வருடத்துக்கு முன் சென்னையில் வந்தார். அந்த ஆயுத பூஜையில் யாரோ எடுத்துப் போட்ட காணொளியைப் பார்த்து ஓர் இசை விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் எங்களைப் பார்த்ததும், "மூணு பேர் மட்டும் நின்னா ஸ்டேஜ் காலியாத் தெரியும் ப்ரோ, ஒரு கீபோர்டு சேர்த்துக்கலாம்" என்றார். கீபோர்டு வாசிப்பவருக்கும் எங்களுக்கும் ஒத்திகை கிடையாது. மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் சும்மா ஒரு கட்டையை அழுத்தினார். எங்கே இடிக்கப்போகிறது என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அத்தனை நகரத்து இசைக்காரர்கள் முன்னால், எங்கள் சுருதி உலகத்தோடு சேராதது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சத்தத்தில் யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எல்லோருக்கும் தெரிந்தது. முதல் பாட்டில் கீபோர்டு நுழைந்ததும் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கீபோர்டின் பக்கம் குரலைச் சாய்த்தார், கிட்டார் கைவிட்டது. கிட்டாருக்குத் திரும்பினார், கீபோர்டு இடித்தது. எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே அந்தக் குரல் அலைந்தது. முன்வரிசையில் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருங்கிணைப்பாளரும் சிரித்தார், நான் பார்த்தேன். அன்று இருட்டுவதற்குள், 'சுருதியைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர்களுக்குச் சன்மானம்' என்ற வரியோடு காணொளி சுற்றத் தொடங்கிவிட்டது.

திரும்பி வரும்போது புறநகர் ரயிலில் எண்ணூர் தாண்டியதும் அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "நீ சொல்லும்மா. நான் தப்பாப் பாடினேனா?"

"இல்லண்ணா. கீபோர்டுதான் சேரல."

"அவன் வேணும்னே பண்ணானா?"

நான் பதில் சொல்லவில்லை. மீஞ்சூர் வந்ததும் கிட்டாரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். என் மௌனத்தை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு நடந்ததை நீங்கள் வேறு மாதிரி அறிவீர்கள். அந்த ஒருங்கிணைப்பாளர் எதைப் பதிவிட்டாலும் அண்ணன் அதன் கீழே போய், "உங்க ஆளு பண்ணதுக்கு மன்னிப்புக் கேளு" என்று எழுதினார். கீபோர்டு வாசித்தவரைத் தொலைபேசியில் திட்டினார். திட்டத் திட்ட மேடைகள் மூடிக்கொண்டன. கோபக்காரன், பேஜார் பிடிச்ச ஆளு, கூட வேலை செய்ய முடியாது என்றார்கள். எடைமேடை அறைக்கு வருவதையும் நிறுத்தினார். "அந்தச் சத்தத்தக் கேட்டாலே பாட வருது, அதான் வரல" என்று முனியிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது காக்களூருக்கு வேலை மாறியது. மாறியதில் நிம்மதி அடைந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடக்கத்தன்று அந்த ஒருங்கிணைப்பாளர் வந்திருந்தார். கல்லறையில் பேசினார். கோபம் இருந்தாலும் குழந்தை மனசு என்றார், இந்த மண்ணின் அசல் குரல் என்றார். ஆறு வருடத்தில் இந்த மண்ணுக்கு அவர் வந்தது அதுதான் முதல் முறை. ஒரு வாரம் கழித்து அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அண்ணிக்குப் போன் செய்திருக்கிறார். ஒன்பது பாடல்களின் ஒத்திகைப் பதிவு என்னிடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை வெளியிட வேண்டும், குரலைக் கணினியில் சுருதிக்குக் கொண்டுவந்துவிடலாம், பின்னால் கேட்கும் இரைச்சலையும் எடுத்துவிடலாம் என்றாராம்.

அண்ணி என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். ஈ.எஸ்.ஐ. காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"குடுத்துடும்மா. உசுரோட இருந்தப்போ தப்பாப் பாடறான்னு சிரிச்சாங்க. இப்பவாச்சும் சரியாப் பாடினாருன்னு நாலு பேரு கேக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மரை, செயலியின் முள்ளை, மேடைக்குப் பின்னால் கழிந்த பத்து நிமிடத்தை, ரயிலை. அண்ணி காகிதங்களை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்போ அவுரு தப்பாப் பாடல?"

"இல்ல அண்ணி."

"இது ஒனக்கு அன்னிக்கே தெரியும்?"

"தெரியும்."

"அவுருகிட்ட சொல்லிருந்தீன்னா ஒரு வாரம் உன்னத் திட்டிருப்பாரு. அப்பறம் பாடிக்கினு இருந்திருப்பாரு."

இதைச் சொன்னபோது அவர் குரல் உயரவே இல்லை. எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு சொன்னார்: "மலருல எழுது. என்கிட்ட சொன்னாப்புல அப்பிடியே எழுது. அவுரு இன்னாத்துக்குக் கோவப்பட்டாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும். பாட்டுல எவனும் கைய வெக்க வேணாம். அப்பிடியே போட்டா போடட்டும், இல்லன்னா எனக்கு வேணாம்."

ஒருங்கிணைப்பாளரிடம் அண்ணி சொன்னதைத் தெரிவித்தேன். அந்த இரைச்சலோடு வெளியிட்டால் தரமாக இருக்காது என்று பதில் வந்தது. அதன்பின் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. ஜெபத்தன்று ஒன்பது பாடல்களையும் அண்ணியின் வீட்டு வாசலில் போடுகிறோம். வருகிறவர்கள் கேட்கலாம்.

கீபோர்டு வாசித்தவரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன ஞாயிற்றுக்கிழமை அவரிடமும் பேசினேன். ஆறு வருடமாக ஒரு குற்றமும் செய்யாமல் திட்டு வாங்கியவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கீபோர்டுல சுருதிய ஏத்தி இறக்க ஒரு செட்டிங் இருக்குங்க. ஒரு நிமிஷ வேலை. நீங்க சொல்லியிருந்தா நான் அவர்கிட்ட வந்திருப்பேன்" என்றார். பிறகு, "அவர் நல்லாப் பாடுவாரா?" என்று கேட்டார். அவர் அண்ணனின் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை.

அடக்கம் முடிந்த பின் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அவர் சிரிப்பை, ஒருவர் எளிமையை, ஒருவர் அவர் தோளில் போட்ட கையை. எனக்கு அவற்றில் பங்கு கேட்கும் யோக்கியதை இல்லை. அவர் ஆறு வருடம் வேறு ஒருவர் மேல் வைத்திருந்த கோபம், ஒவ்வொரு சொல்லும், எனக்குச் சேர வேண்டியது. அது முகவரி மாறிப் போயிருந்தது. அதை நான் வாங்கிக்கொள்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வேறு எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.